'கொல்லப்பட்டார்'... சரி, கொன்றது யார்? பாஸிவ் வாய்ஸ் இலக்கணம் செய்தி அரசியலான கதை

'ராமா கில்ட் ராவணா.' இதை பாஸிவ் வாய்ஸுக்கு மாற்றுக: 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா.'

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் இந்த வாக்கியத்தைத் தாண்டி வந்திருக்க முடியாது. இரண்டு மார்க் கேள்வி. எழுவாயைப் பின்னால் தள்ளு, செயப்படுபொருளை முன்னால் கொண்டு வா, நடுவில் 'வாஸ்' போடு, கடைசியில் 'பை' போட்டு ராமனைச் சேர். 'பை ராமா'வை விட்டுவிட்டால் ஒரு மார்க் போச்சு.

ஆனால் வகுப்பறைக்கு வெளியே புழங்கும் ஆங்கிலத்தில் நடப்பது நேர்மாறு. பாஸிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றில் அந்த 'பை' பகுதியே இருக்காது. 'ராவணா வாஸ் கில்ட்', அவ்ளோதான். செய்தவரைச் சொல்லாமலேயே ஒரு முழு வாக்கியத்தை முடித்துவிடலாம் என்பதுதான் இந்த வாக்கிய அமைப்பின் வசதி. தேர்வில் மார்க் குறையும் அதே இடத்தில்தான் காவல் துறை அறிக்கைகளும் அதிபர் உரைகளும் போர்ச் செய்திகளும் தப்பித்துக்கொள்கின்றன.

கடந்த சில ஆண்டுகளாக சமூக ஊடகங்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. பெரிய ஆங்கில ஊடகம் ஒன்று தலைப்பு வைக்கும். சில நிமிடங்களில் யாரோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சிவப்பு மையில் திருத்தி, 'பாஸிவ் வாய்ஸ்!' என்று எழுதிப் பகிர்வார்கள். ஒன்பதாம் வகுப்பு இலக்கணம் எப்படி அரசியல் குற்றச்சாட்டானது? அந்தக் குற்றச்சாட்டு சரிதானா?

ஓர் அறிக்கையைப் பிரித்துப் படிப்போம்

2020 மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரக் காவல் துறை ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. அதன் தலைப்பு: 'மேன் டைஸ் ஆஃப்டர் மெடிக்கல் இன்சிடென்ட் டியூரிங் போலீஸ் இன்டர்ஆக்‌ஷன்'. அதாவது, போலீஸாருடனான சந்திப்பின்போது நிகழ்ந்த ஒரு 'மருத்துவச் சம்பவ'த்துக்குப் பிறகு ஒருவர் இறந்தார். அந்த ஒருவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட்.

உள்ளே இருக்கும் வினைச்சொற்களை மட்டும் கவனியுங்கள். காரை விட்டு இறங்குமாறு அவர் 'உத்தரவிடப்பட்டார்'. இது பாஸிவ், உத்தரவிட்டவர் இல்லை. இறங்கியபின் அவர் அதிகாரிகளை 'எதிர்த்தார்'. இது ஆக்டிவ், இங்கே செய்தவர் பளிச்சென்று தெரிகிறார், ஏனென்றால் செய்தவர் ஃப்ளாய்ட். பிறகு அவர் உடல்நலக் கோளாறால் அவதிப்படுவதுபோல் 'தெரிந்தது'. ஆம்புலன்ஸில் 'கொண்டுசெல்லப்பட்டார்'. சற்று நேரத்தில் 'இறந்தார்'. கழுத்தின் மீது அழுத்திய முழங்காலைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

எனக்கு இதில் மறக்க முடியாத வரி வேறு ஒன்று. சம்பவத்தில் தொடர்புடைய 'யாராலும்' எந்த ஆயுதமும் பயன்படுத்தப்படவில்லை என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. செய்யாத ஒரு செயலுக்கு மட்டும் மறக்காமல் 'பை' போட்டிருக்கிறார்கள்.

அங்கே நின்றிருந்த 17 வயதுப் பெண் ஒருவர் தன் செல்போனில் எடுத்த வீடியோ அன்றிரவே வெளியானது. டெரெக் சாவின் என்ற காவலர் 9 நிமிடங்களுக்கும் மேல் ஃப்ளாய்டை முழங்காலால் அழுத்தியதை உலகம் பார்த்தது. 2021 ஏப்ரலில் சாவின் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. வீடியோ இல்லாமல் போயிருந்தால் அந்தச் செய்திக்குறிப்பே அன்றைய செய்தியாக நின்றிருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ், தன் நடைக் கையேட்டில் ஒரு சொல்லைத் தவிர்க்கச் சொன்னது: 'ஆஃபீசர் இன்வால்வ்ட் ஷூட்டிங்'. 'அதிகாரி தொடர்புடைய துப்பாக்கிச்சூடு' என்றால், அதிகாரி சுட்டாரா, சுடப்பட்டாரா, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தாரா? எதுவும் தெரியாது. என்ன நடந்ததோ அதைச் சொல்லுங்கள் என்பதுதான் ஏ.பி.யின் அறிவுரை.

'தவறுகள் நிகழ்ந்துவிட்டன'

அரசியல்வாதிகளுக்கு இந்த வித்தை பழசு. 1876-லேயே அமெரிக்க அதிபர் யுலிசிஸ் கிராண்ட் தன் ஆட்சிக்காலத்தைப் பற்றிச் சொல்லும்போது தவறுகள் 'செய்யப்பட்டிருக்கின்றன' என்றார். 1987 ஜனவரியில், ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் வெடித்தபோது ரொனால்ட் ரீகனும் அதையே சொன்னார்: 'சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்.' யார் செய்தார்கள்? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. பில் கிளின்டன் நிதி திரட்டல் சர்ச்சையில் இதே சொற்களை எடுத்தார். 2007-ல் அட்டர்னி ஜெனரல் ஆல்பர்டோ கோன்சாலஸும்தான். வில்லியம் ஷ்னைடர் என்ற அரசியல் ஆய்வாளர் இதற்கு ஒரு நக்கல் பெயர் வைத்தார்: 'பாஸ்ட் எக்ஸானரேட்டிவ்'. ஆங்கில இலக்கணத்தில் இல்லாத, குற்றத்திலிருந்து விடுவிக்கும் ஓர் இறந்தகாலம்.

இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடும் பின்பாதி ஒன்று உண்டு. அதே 1987 மார்ச்சில் ரீகன் மீண்டும் தொலைக்காட்சியில் தோன்றினார். இந்தமுறை 'முழுப் பொறுப்பை நான் ஏற்கிறேன்' என்றார். ஆக்டிவ் வாய்ஸ், எழுவாய் 'நான்'. நல்ல முன்னேற்றம்னு நினைக்கும்போதே, ஈரானுடன் உறவு தொடங்க எடுத்த முயற்சி, பிணைக் கைதிகளுக்காக ஆயுதம் கொடுக்கும் பேரமாகச் 'சீரழிந்தது' என்றும் சொன்னார். 'டிடீரியரேட்டட்.' இது பாஸிவ் இல்லை. ஆனால் பேரம் தானாகவே கெட்டுப்போனதுபோல இருக்கிறதா இல்லையா?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பாஸிவா என்று கண்டுபிடிக்க இணையத்தில் ஒரு வேடிக்கையான சோதனை பிரபலம். வினைச்சொல்லுக்குப் பின்னால் 'பை ஸாம்பீஸ்' சேர்த்துப் பாருங்கள். 'ஹி வாஸ் ஆர்டர்ட் பை ஸாம்பீஸ்', பொருந்துகிறது, பாஸிவ். 'மேன் டைஸ் பை ஸாம்பீஸ்', பொருந்தவில்லை. ஆக, மினியாபொலிஸ் காவல் துறையின் அந்தத் தலைப்பு இலக்கணப்படி சுத்தமான ஆக்டிவ் வாய்ஸ்!

காஸா போர்ச் செய்திகள் மீதான விவாதத்தில் இது அடிக்கடி குழம்புகிறது. 2023 அக்டோபரில் பிபிசியின் பதிவு ஒன்று கடும் விமர்சனத்துக்கு ஆளானது. இஸ்ரேலில் 700-க்கும் மேற்பட்டோர் 'ஹாவ் பீன் கில்ட்', காஸாவில் 500-க்கும் மேற்பட்டோர் 'ஹாவ் டைட்'. பலர் இதைப் பாஸிவ் வாய்ஸ் என்று திட்டினார்கள். உண்மையில் பாஸிவில் இருப்பது இஸ்ரேலியர்களைப் பற்றிய வரி. அதில்தான் கொலை என்ற செயல் இருக்கிறது. ஒரு கை நீண்டது என்பதாவது தெரிகிறது. 'இறந்தார்கள்' என்பது ஆக்டிவ். அங்கே இறந்தவர்களே எழுவாய், இறப்பது மட்டுமே வினை. கொன்றவருக்கு அந்த வாக்கியத்தில் நாற்காலியே போடப்படவில்லை. வான்வழித் தாக்குதலை இஸ்ரேல் தொடங்கியது என்ற தகவல் அதே வாக்கியத்தில் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இரண்டு சாவுகளுக்கு இரண்டு வினைச்சொற்கள் என்பது கண்ணை உறுத்தத்தான் செய்தது.

அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே 2022 மே 11 அன்று ஜெனினில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நியூயார்க் டைம்ஸ் வைத்த தலைப்பு ஒன்று 'டைஸ் அட் 51' என்று முடிந்தது. அந்தப் பத்திரிகை இரங்கல் குறிப்புகளுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் அச்சு அது. முதுமையில் காலமாகும் நடிகருக்கும் அதே 'டைஸ்'தான். அச்சு பழசு என்பதால் யாரும் வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் தலையில் குண்டு பாய்ந்த ஒருவரை அந்த அச்சில் ஊற்றினால், குண்டு வெளியே வழிந்துவிடுகிறது. தங்கள் வீரர்களின் குண்டு தவறுதலாகப் பட்டிருக்க அதிக வாய்ப்பிருப்பதாக இஸ்ரேல் ராணுவம் செப்டம்பரில்தான் சொன்னது.

ஆகவே 'பாஸிவ் வாய்ஸ் = மழுப்பல்' என்ற சூத்திரம் பாதிதான் உண்மை. இந்தச் சூத்திரத்துக்கு அப்பா ஜார்ஜ் ஆர்வெல் என்று சொல்லலாம். அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய தன் 1946 கட்டுரையில், ஆக்டிவ் போட முடிந்த இடத்தில் பாஸிவ் போடவே கூடாது என்று விதி வகுத்தார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பாஸிவ் வினை இருக்கிறது என்பது வேறு விஷயம்! எழுதுபவர்கள் பைபிளாகக் கொண்டாடும் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' புத்தகத்தின் கதை இன்னும் மோசம். பாஸிவுக்கு எதிராக அது அடுக்கும் 4 உதாரணங்களில் 3 பாஸிவே அல்ல என்று மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009-ல் போட்டு உடைத்தார். திட்டுபவர்களுக்கே எதைத் திட்டுகிறோம் என்று தெரியவில்லை என்பது அவரது நீண்டகாலப் புகார்.

சொல் மாறினால் தண்டனை மாறுமா?

'எப்படிச் சொன்னால் என்ன, படிப்பவருக்குப் புரியாதா' என்று கேட்கலாம். புரியும்தான். ஆனால் எடை மாறுகிறது. 2004 சூப்பர் பவுல் நிகழ்ச்சியில் ஜஸ்டின் டிம்பர்லேக்கின் கை பட்டு ஜேனட் ஜாக்சனின் உடை கிழிந்த சம்பவம் நினைவிருக்கலாம். மொழி ஆய்வாளர்கள் கெய்ட்லின் ஃபாஸி, லெரா போரோடிட்ஸ்கி இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் அதே சம்பவத்தை இரண்டு விதமாக எழுதிப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்றில் 'உடையைக் கிழித்தார்', மற்றதில் 'உடை கிழிந்தது'. மற்றபடி எல்லாம் ஒன்றே. 'கிழித்தார்' என்று படித்தவர்கள் டிம்பர்லேக்குக்கு 53% அதிக அபராதம் விதிக்கச் சொன்னார்கள். வீடியோவைப் பார்த்தவர்களிடமும் இந்தச் சொல் விளையாட்டு வேலை செய்தது. கவனியுங்கள், 'உடை கிழிந்தது' என்பதும் பாஸிவ் இல்லை.

தலைப்புகளைப் பொறுத்தவரை மொழியியல் மாணவர்கள் எல்லோரும் படிக்கும் உதாரணம் 1975 ஜூனில் நடந்தது. அன்றைய ரொடீஷியாவின் சாலிஸ்பரியில் (இன்று ஜிம்பாப்வேயின் ஹராரே) போலீஸார் கூட்டத்தின் மீது சுட்டார்கள். கார்டியன் எழுதியது: 'போலீஸ் ஷூட் 11 டெட்.' டைம்ஸ் எழுதியது: 'ரயட்டிங் ப்ளாக்ஸ் ஷாட் டெட் பை போலீஸ்.' இரண்டிலும் போலீஸ் இருக்கிறது, இரண்டும் பொய்யில்லை. ஆனால் டைம்ஸ் தலைப்பில் முதலில் கண்ணில் படுவது 'கலவரம் செய்யும் கறுப்பர்கள்'. டோனி ட்ரூ என்ற ஆய்வாளர் அடுத்தடுத்த நாள்களையும் பின்தொடர்ந்து பார்த்தார். டைம்ஸில் முதலில் வாக்கியத்தின் பின்னால் போன போலீஸ், பிறகு காணாமலேயே போனது. 'கலவரத்தில் 13 பேர் கொல்லப்பட்டனர்' என்று ஆனது. கலவரம்தான் கொன்றது என்று படிக்கலாம், தடுக்க யாருமில்லை.

அப்போ பாஸிவே வேண்டாமா?

டெஸ்க்கில் உட்கார்ந்து பார்த்தால் அது இல்லாமல் ஒரு ஷிஃப்ட் ஓட்ட முடியாது. ஒரு வீட்டில் நகை திருடப்பட்டது. திருடியது யார் என்று தெரியாது. அப்போது 'மர்ம நபர்கள் திருடினர்' என்று எழுதுவதைவிட 'திருடப்பட்டது' நேர்மையானது. கைதானவர் மீது குற்றம் நிரூபணமாகும் முன்பு 'இவர்தான் கொன்றார்' என்று தலைப்பு வைத்தால் அவதூறு நோட்டீஸ் வரும். அதைவிட முக்கியமாக, அது தப்பாகவும் இருக்கலாம். ஒரு நாட்டின் பிரதமர் சுடப்பட்டால், சுட்டவர் பெயரைவிடப் பிரதமர்தான் முதலில் வர வேண்டும். இதெல்லாம் நியாயமான பாஸிவ்.

ஆக்டிவ் வாய்ஸ் வந்துவிட்டால் உண்மையும் வந்துவிடும் என்பதும் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை, மகன் இருவரும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில், முதல் தகவல் அறிக்கை என்ன சொன்னது? அவர்கள் தரையில் உருண்டார்கள், அதனால் உள்காயம் ஏற்பட்டது. எழுவாய் தெளிவு, வினை தெளிவு, இலக்கணத்தில் குறையே இல்லை. அந்த வழக்கில் 9 போலீஸார் மீது சிபிஐ கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

தமிழில் வினையே இல்லை

ஆங்கிலத் தலைப்புகளைக் கிண்டல் செய்யும் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஏஜென்சி காப்பியில் 'வேர் கில்ட்' என்று வருவதை நாங்கள் தமிழில் எப்படி எழுதுகிறோம்? பெரும்பாலும் 'உயிரிழந்தனர்'. ஆங்கிலம் பாஸிவிலாவது கொலையை வைத்திருந்தது. மொழிபெயர்ப்பில் அதுவும் போய்விடுகிறது. நானே அப்படி எத்தனையோ தலைப்பு போட்டிருக்கிறேன். 'கொல்லப்பட்டனர்' நீளம், மொபைல் திரையில் இரண்டாவது வரிக்குப் போகும் என்பதுதான் அப்போது சொன்ன காரணம்.

இன்னும் சுருக்கமாக ஒன்று கைவசம் இருக்கிறது: 'பலி'. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிராகப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டபோது, 'துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலி' என்ற வகையில்தான் தலைப்புகள் வந்தன. அதில் ஆக்டிவும் இல்லை, பாஸிவும் இல்லை, வினைச்சொல்லே கிடையாது. துப்பாக்கி இருக்கிறது, சூடு இருக்கிறது, பலி இருக்கிறது. விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. காவல் துறை அதிகாரிகள் மீது நடவடிக்கை 'எடுக்கப்பட வேண்டும்' என்றது. யாரால் என்பதுதான் அதற்குப் பிறகான கேள்வி.

எனக்கு ரொம்பவும் உறுத்தும் தலைப்பு வேறு. 'விஷவாயு தாக்கி 2 தொழிலாளர்கள் பலி.' ஆண்டுதோறும் மாறாமல் வருவது. இங்கே செய்தவர் இருக்கிறார்: விஷவாயு! அது தாக்கியது. கழிவுநீர்த் தொட்டிக்குள் அந்தத் தொழிலாளர்களை இறக்கியவர் யார், ஒப்பந்தம் எடுத்தவர் யார், வீட்டு உரிமையாளர் யார் என்பதெல்லாம் நான்காவது பத்தியில் வந்தால் அதிர்ஷ்டம். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதர்களை இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தில் இறக்கியவர்தான் குற்றவாளி. தலைப்பில் வாயு.

இது தமிழுக்குப் புதுசும் இல்லை. திண்ணையை யாரோ மெழுகியிருக்க, திண்ணையே மெழுகிக்கொண்டதுபோலப் பேசுவதும் வழக்கில் உள்ளதுதான் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. 'யார்டா டம்ளரை உடைச்சது?' என்று கேட்டால் 'உடைஞ்சிருச்சும்மா' என்று பதில் சொல்லாத பிள்ளை உண்டா? 'உடைத்தேன்', 'உடைந்தது': சின்ன வித்தியாசத்தில் தப்பிக்கும் வசதி நம் மொழியில் நிறையவே இருக்கிறது.

'போனோர்' அல்ல, 'ஆக்கப்பட்டோர்'

ஆனால் இதே தமிழில், பாஸிவ் வாய்ஸையே கையில் எடுத்துப் போராடும் ஒரு கூட்டம் இருக்கிறது. இலங்கையில் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தாய்மார்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு என்று அது பரவியது. 2009 மே மாதம், போரின் கடைசி நாள்களில் தங்கள் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகளும் கணவன்மார்களும் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி. ஊடகங்கள் 'காணாமல் போனோர்' என்று எழுதின. அவர்கள் ஏற்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று எழுதச் சொன்னார்கள். பஸ் ஏற்றி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவர்களிடம் 'போனார்' என்று எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்திலும் இதே சிக்கல் இருந்தது. 'டிஸப்பியர்' என்பது தானாக மறைவதைக் குறிக்கும் வினை. இலக்கணப்படி அதைப் பாஸிவாக்க முடியாது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை நடந்த ராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் கடத்தப்பட்டபோது புழங்கிய ஸ்பானியச் சொல்லின் தாக்கத்தில், 'ஹி வாஸ் டிஸப்பியர்ட்' என்று இலக்கணத்தை மீறி எழுதத் தொடங்கினார்கள். ஸாம்பி சோதனை செய்து பாருங்கள், இப்போது பொருந்தும். மறைத்த கை ஒன்று இருக்கிறது என்று அந்த விதிமீறல் சொல்கிறது. ஐ.நா.வின் வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான உடன்படிக்கை 2006-ல் வந்தது. இலங்கை 2016 மே மாதம் அதை ஏற்றுக்கொண்டது.

அதே 2016-ல் இலங்கை நாடாளுமன்றம் இதற்காகவே ஓர் அலுவலகத்தை அமைக்கச் சட்டம் இயற்றியது. அதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது 'மிஸ்ஸிங் பெர்சன்ஸ்'. தமிழில் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. ஏஜென்சி காப்பியில் 'மிஸ்ஸிங்' என்று வரும்போதெல்லாம் இப்போது 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று மாற்றிவிடுகிறேன். அலுவலகத்தின் பெயரை மட்டும் தொட முடிவதில்லை, அது சட்டத்தில் இருப்பது. அதனால் ஒரே பத்தியில் இரண்டும் வருகின்றன: காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள், காணாமற்போன ஆட்கள் அலுவலகத்தின் முன் ஆர்ப்பாட்டம்.